கட்-அவுட்டிலிருந்து பிசிஎம் வரை

காருக்குள் ‘கன்ட்ரோல்’ என்ற பெயரோடு முதலில் வந்த பெட்டியில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பழைய அம்பாசடரிலோ ஸ்டாண்டர்டு ஹெரால்டிலோ பானட்டைத் தூக்கினால், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் கருப்பு மூடி போட்ட பெட்டி ஒன்று திருகியிருக்கும். லூகாஸ் கம்பெனிப் புத்தகத்தில் அதற்குக் கன்ட்ரோல் பாக்ஸ் என்று பெயர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுச் சந்துகளில் எல்லோரும் கட்-அவுட் என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் ஹெல்பராகச் சேர்ந்தபோது முதலில் என் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்ன சாமான் அதுதான். இன்றைக்கு டேஷ்போர்டைக் கழற்றி இசியு, பிசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டிகளை மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பெட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்கு நம் தொழில் எப்படி வந்து சேர்ந்தது என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

அந்தக் கட்-அவுட்டின் மூடியைப் பிடித்திருப்பது கிளிப்தான். நெம்பினால் திறந்துகொள்ளும். உள்ளே இரண்டு காயில். ஒன்று கட்-அவுட். டைனமோ 13 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்ததும் அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டு பேட்டரிக்குச் சார்ஜ் போகும். இன்ஜின் நின்றால் பாயிண்ட் விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் பேட்டரி கரன்ட் திரும்பி டைனமோவுக்குள் இறங்கி ஒயர் புகைந்துவிடும். இன்னொன்று ரெகுலேட்டர். வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் வோல்ட்டேஜ் ஏறிவிடாமல் டைனமோவின் ஃபீல்டை வெட்டி வெட்டி விடும். அதை செட் செய்யும்போது கட்-அவுட் பாயிண்டுகளுக்கு நடுவில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருக வேண்டும். முள் 16 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். என் மேஸ்திரி பாய் அதற்குப் பல்லவன் பஸ் டிக்கெட்டைத்தான் வைப்பார். முப்பது விநாடிக்குள் முடிக்க வேண்டும். நேரம் போனால் காயில் சூடேறி அளவு தவறிவிடும். பாயிண்ட் துடிப்பதை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, விரல் நுனியை மெதுவாக வைத்து உணர்வார். மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேட்டால், பார்க்காமலேயே சொல்வார்.

மெட்ராஸில் கார் ஓட ஆரம்பித்தது 1901-ல். பாரி கம்பெனி டைரக்டர் ஏ.ஜே. யார்க் அடையாற்றிலிருந்து ஆபீசுக்கு அதில் போய்வந்தார். 1903-ல் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் காரையே இங்கு செய்து காட்டினார். அந்த வண்டிகளில் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இல்லை. விளக்கு எண்ணெயிலோ கார்பைடு வாயுவிலோ எரிந்தது. பெட்ரோல் வண்டியில் பொறி போட மேக்னெட்டோ போதும். கிளப்புவதற்கு ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். 1912-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் மோட்டார் கேடிலாக் காரில் வந்தது. செல்ஃப் சுற்றப் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ வேண்டும். டைனமோவை அடக்க ஒரு பெட்டி வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று ஒருவன் தேவைப்பட்டது அப்போதுதான்.

ஐம்பதுகளின் நடுவில், இறக்குமதி சாமானைப் பூட்டி விற்பது கூடாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு நெருக்கியது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. பிறகு நம் ரோட்டில் ஓடியவை முக்கியமாக மூன்று: உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் வண்டலூர் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு. 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி உருவாகிப் பாடியில் ஃபேக்டரி வந்தது. டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர் என்று பர்மிங்காமிலிருந்து கப்பலில் வந்த சாமான் அம்பத்தூர் ரோட்டிலிருந்தே வரத் தொடங்கியது. அந்த ஃபேக்டரியில் அப்ரன்டிஸாக இருந்துவிட்டு வெளியே வந்து சொந்தக் கடை போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு ஒரு ஒழுங்கும் எங்கள் சந்துக்குள் வந்தது. ஒயரின் கலர் ஒழுங்கு.

லூகாஸ் ஒயரிங்கில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு வேலை உண்டு. பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக, பியூஸ் இல்லாமல் வருவது. சாவி திருப்பினால் உயிர் வருவது வெள்ளை. அதே சாவிக் கரன்ட் பியூஸைக் கடந்து வந்தால் பச்சை. சாவி இல்லாமலும் பியூஸ் வழியாக எப்போதும் இருப்பது ஊதா. ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் விளக்குக்கு சிவப்பு, எர்த்துக்குக் கருப்பு. பச்சையில் வெள்ளைக் கோடு ஓடினால் வலது இண்டிகேட்டர், சிவப்புக் கோடு ஓடினால் இடது. இதை ஒருவன் மனப்பாடம் செய்துவிட்டால் போதும். அவன் பார்த்தே இராத வண்டியில்கூட டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நீட்டி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். பாய் என்னிடம் சொல்வார்: “தம்பி, கலர் பொய் சொல்லாது. உனக்கு முந்தி கை வெச்சவன்தான் பொய் சொல்லுவான். அவன் எங்க ஜாயிண்ட் போட்டிருக்கான்னு முதல்ல பாரு.” இங்கிலாந்தில் உட்கார்ந்து ஒருவர் வகுத்த முறையைப் பள்ளிக்கூடம் போகாத பையன் புதுப்பேட்டையில் படிக்க முடிந்தது. இதைவிடப் பெரிய உதவியை எந்தக் கம்பெனியும் எங்கள் தொழிலுக்குச் செய்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த நாளில் கார் ஷெட்டில் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் தனித்தனி ஆட்கள். இன்ஜின் இறக்குபவர் ஒயரைத் தொட மாட்டார். நாங்கள் நட்டு போல்ட்டைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் சாமான்கள் கொஞ்சம்தான்: டெஸ்ட் லாம்ப், கரிக்கட்டையில் சூடாக்கும் சால்ட்ரிங் அயர்ன், ஃபீலர் கேஜ், ஆர்மேச்சர் பார்க்க ஒரு க்ரவ்லர். ஆர்மேச்சரை க்ரவ்லர் மேல் வைத்து, உடைந்த ஹாக்ஸா பிளேடை அதன் முதுகில் பிடித்துக்கொண்டே உருட்டுவோம். எந்த இடத்தில் பிளேடு அதிர்ந்து துடிக்கிறதோ அந்த காயில் ஷார்ட். அதைப் பிரித்து புது ஒயர் சுற்றி, காட்டன் நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றி அடுப்பு ஓரத்தில் காயவைப்போம். கமுட்டேட்டரின் மைக்காவை அதே பிளேடால் கீறிவிடுவோம். ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதால், டைனமோ வேலை முடிந்ததும் ஃபீல்ட் டெர்மினலில் பேட்டரி ஒயரை ஒரு நொடி தொட்டு எடுத்து, காந்தத்தைச் சரியான பக்கம் திருப்பிவிட வேண்டும். ஒரு பொறி வரும். அது வந்தால்தான் பாய் மூடியைப் போடச் சொல்வார்.

டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்ததுதான் முதல் கதவடைப்பு. ஆல்டர்னேட்டரில் கரன்ட் திரும்பி ஓடாமல் டயோடுகள் தடுத்துவிடும். கட்-அவுட் தேவையில்லை. ரெகுலேட்டர் கட்டைவிரல் அகலச் சில்லாகச் சுருங்கி ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டது. கெட்டால் பிசினுக்குள் புதைந்திருப்பதைப் பிரிக்க முடியாது, புதிதுதான் போட வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இதெல்லாம் ஒன்றாகவே வந்தது. ஜப்பான் ஒயரிங்கின் கலர் வேறு, கனெக்டர் வேறு, ஒயரின் கனமும் குறைவு. பெரியவர்கள் சிலர், “இது விளையாட்டுச் சாமான், நிக்காது” என்று விலகினார்கள். நான் விலகவில்லை. கார்புரேட்டரும் பாயிண்டும் அதிலும் இருந்தவரை எங்களுக்குப் பிழைப்பும் இருந்தது.

கார்புரேட்டரைத் துரத்தியது புகை. 1995-ல் நான்கு பெருநகரங்களிலும் புதுக் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. 1999 ஏப்ரலில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ 1, அடுத்த ஆண்டே யூரோ 2 என்று நாள் குறித்தது. சென்னை போன்ற நகரங்களுக்கு யூரோ 2 தரம் 2001-ல் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போதும் பிசகக் கூடாது. ஜெட்டும் ஃப்ளோட்டும் வைத்து அதைப் பிடிக்க முடியாது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைத்து, அது சொல்வதைக் கேட்டு நொடிக்குப் பலமுறை இன்ஜெக்டரைத் திருத்திக்கொண்டே இருக்க ஒரு மூளை வேண்டும். அதுதான் இசியு. ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1967-லேயே எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனை ஃபோக்ஸ்வாகன் காரில் போட்டிருந்தது. 1979-ல் பெட்ரோலையும் பொறியையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும் மோட்ரானிக்கை பிஎம்டபிள்யூவில் கொண்டுவந்தது. இருபது ஆண்டு கழித்து அந்தப் பெட்டி நம் வாசலுக்கு வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ இன்ஜெக்‌ஷனோடுதான் பிறந்தது. 2000-ல் மாருதி 800-க்கும் எம்பிஎஃப்ஐ என்ற பெயரில் அது வந்தது.

அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கள் சந்தில் நிலவிய அமைதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டி கிளம்பாமல் தள்ளிக்கொண்டு வருவார்கள். பானட்டைத் திறந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் காணோம், கார்புரேட்டரைக் காணோம். பாய்க்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒரு எம்பிஎஃப்ஐ வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பேட்டரி நல்லாருக்கு, எர்த் நல்லாருக்கு. மிச்சத்தை நீ பாத்துக்க” என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். கடை என் கைக்கு வந்தது அப்படித்தான்.

டெஸ்ட் லாம்பை முதலில் ஓரம்கட்டி வைத்தேன். பல்பு எரிய இழுக்கும் கரன்ட், 5 வோல்ட்டில் ஓடும் சென்சார் ஒயருக்கும் இசியுவின் உள்ளே உள்ள சில்லுக்கும் எமன். டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். ஸ்கேனர் வாங்கக் காசில்லாத காலத்தில், சுசுகி வழிவந்த ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சிலவற்றில் ஒரு வழி இருந்தது. டயக்னாசிஸ் கனெக்டரில் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால், மீட்டர் போர்டில் உள்ள இன்ஜின் விளக்கு கண்சிமிட்டிப் பேசும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் 12: குறை எதுவும் பதிவாகவில்லை. வேறு எண் வந்தால் அதற்குரிய சென்சார் பக்கம் போக வேண்டும். இந்த எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றுக்கு விட்டோம். நகல் எடுத்து எடுத்து எழுத்தே மங்கிப்போனது. நாங்கள் பிழைத்ததற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

இந்த இசியு பெட்டியை ஏன் காருக்குள், மனிதர் உட்காரும் இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்பார்கள். இன்ஜின் அறையின் சூடும் அதிர்வும் தண்ணீரும் அந்தக் காலத்து போர்டுக்கு ஆகாது. அதனால் டேஷ்போர்டுக்கு அடியிலோ, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ, முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டிலோ ஒளித்துவைத்தார்கள். உள்ளேயும் தண்ணீர் அதைத் தேடி வந்தது. ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். கண்ணாடி மாற்றியவர் பசையைச் சரியாகத் தடவாவிட்டால் மழைநீர் ஓரமாக வழியும். பல இழை ஒயரில் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து கனெக்டர் வரைக்கும் போய்ச் சேரும். நல்ல ஃபிட்டிங்கில் ஒயர்க் கட்டு பெட்டிக்குக் கீழே தொங்கித் திரும்பி மேலே ஏறும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும். வேலை முடித்து மூடும்போது அந்த வளைவைச் சுருட்டி மேலே கட்டிவிடுபவனை நான் கடையில் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்து வந்தது இம்மொபிலைசர். ஐரோப்பாவில் தொண்ணூறுகளில் கார் திருட்டை அடக்க வந்தது. சாவியின் பிடிக்குள் ஒரு சில்லு. இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையக் காயில். சாவியைத் திருப்பியதும் காயில் அந்தச் சில்லைக் கேட்கும், சில்லு பதில் சொல்லும், பதில் சரியாக இருந்தால்தான் இசியு பெட்ரோல் விடும். திருட்டு குறைந்தது, நல்லதுதான். ஆனால் அதுவரை இசியு கெட்டால் அதே எண் போட்ட இன்னொன்றை வாங்கிச் செருகினால் வண்டி ஓடும். அதற்குப் பிறகு புதிதாகச் செருகிய பெட்டிக்குச் சாவியை அறிமுகம் செய்துவைக்க வேண்டும், அதற்கு ரகசிய எண் வேண்டும், அந்த எண் கம்பெனியிடம் இருக்கும். சாமானை விலைகொடுத்து வாங்கியும் அதை ஓடவைக்க இன்னொருவர் அனுமதி வேண்டியிருந்தது எங்கள் தொழிலில் அதுவே முதல்முறை.

பிறகு பிசிஎம் என்கிற பாடி கன்ட்ரோல் மாட்யூல். இதைத்தான் இப்போது அதிகம் மாற்றுகிறோம். வைப்பர், இண்டிகேட்டர், ஹாரன், கதவுப் பூட்டு, உள்விளக்கு, பல வண்டிகளில் ஹெட்லைட்டும் கண்ணாடி ஏற்றி இறக்குவதும் இதன் கையில்தான். அம்பாசடரில் ஹெட்லைட் ஸ்விட்ச் கரன்ட்டையே விளக்குக்கு அனுப்பியது. இன்று ஸ்விட்ச் ஒரு விண்ணப்பம் மட்டும் போடுகிறது, விளக்கை ஏற்றுவது பிசிஎம். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி வந்தபின், அவை தங்களுக்குள் பேச முறுக்கிய இரண்டு ஒயர் போதும் என்று கண்டுபிடித்ததும் பாஷ் கம்பெனிதான். 1986-ல் டெட்ராய்டில் அறிவித்தார்கள். கேன் பஸ் என்று பெயர். வண்டியில் கிலோக்கணக்கில் செம்பு மிச்சமானது. கூடவே பாய் சொல்லிக்கொடுத்த கலர்க் கணக்கும் போய்விட்டது. ஒரே ஜோடி ஒயரில் வேகம், சூடு, கதவு, விளக்கு எல்லாச் செய்தியும் ஓடும்போது கலர் எதைச் சொல்லும்?

பிசிஎம் மாற்றுவது எப்படி என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். முதலில் பழைய பெட்டியோடு ஸ்கேனரை மாட்டி, அதில் உள்ள கான்ஃபிகரேஷனை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி எந்த மாடல், எத்தனை கதவு, ஃபாக் லாம்ப் உண்டா, பின் வைப்பர் உண்டா என்பதெல்லாம் அதற்குள் எழுதியிருக்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் கனெக்டர் எல்லாம் ஏர்பேக் ஒயர், அதன் பெட்டிக்குள் கரன்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகைக் கதவு ஓரத்தில் கொடுத்து, தலை பெடலுக்குப் பக்கத்தில் வரும்படி மல்லாந்து படுக்க வேண்டும். வாயில் டார்ச். கீழ் பேனலின் கிளிப்பை இழுக்கும்போது பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்திருந்தால் உடையும், சென்னை வண்டிகளில் அநேகமாகக் காய்ந்தே இருக்கும். கனெக்டர்களில் லீவர் பூட்டு இருக்கும். லீவரைத் திருப்பினால் கனெக்டர் தானாக வெளியே வரும், ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. கழற்றியதும் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கனெக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பின் ஒன்று பச்சை பூத்திருக்கிறதா, ஒன்று பின்னால் தள்ளிப்போயிருக்கிறதா, ஒரு பின் மட்டும் கருகிப் பழுப்பேறியிருக்கிறதா? “பிசிஎம் போச்சு, மாத்தணும்” என்று எழுதிக்கொடுக்கப்பட்டு என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்டி நன்றாகவே இருந்தது. கெட்டது எர்த் போல்ட்டாக இருக்கும். பெயின்ட் அடித்தபோது அதன் அடியிலும் அடித்திருப்பார்கள். இல்லையென்றால் டிங்கரிங்கில் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்திருப்பார்கள். கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் எலி கடித்த ஒயரை நான் மீட்டர் கணக்கில் மாற்றினேன்.

2015 டிசம்பர் வெள்ளம் இந்தத் தொழிலை இரண்டாகப் பிரித்தது என்பேன், அதற்கு முன், அதற்குப் பின் என்று. அடையாறு பொங்கிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் எல்லாம் மூழ்கியபோது, வீட்டுக்குக் கீழே நிறுத்திய கார்களில் சீட்டு வரைக்கும், சிலவற்றில் ஸ்டீயரிங் வரைக்கும் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது பேட்டரியைக் கழற்றுவது. பலர் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள். ஈரமான போர்டில் கரன்ட் ஏறினால் செம்புத் தடமே கரைந்துபோகும். நனைந்தாலும் கரன்ட் ஏறாத போர்டு பிழைக்க வாய்ப்பு உண்டு. அந்த மாதங்களில் எங்கள் கடை ஒரு சலவைக்கூடம் மாதிரி இருந்தது. போர்டைப் பிரித்து, சேறு போக டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மென்மையான பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பின் பின்னாகத் தேய்த்து, இளஞ்சூட்டில் காயவைத்து, பிறகு பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு தடமாகப் பார்ப்போம். உயிர் வந்தவை நிறைய. சில மாதம் ஓடிவிட்டு ஒரு மழை நாளில் நின்றவையும் உண்டு. அதை முன்கூட்டியே உடைமைக்காரரிடம் சொல்லித்தான் கொடுத்தோம். ஏர்பேக் பெட்டியை மட்டும் கழுவிப் போட மறுத்துவிட்டேன். அது வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்க வழி கிடையாது. வேண்டாத நேரத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் புதுசுதான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முழுநஷ்டம் என்று எழுதித் தள்ளிய வண்டிகள் உடைப்புக்கு வந்தன. புதுப்பேட்டையில் கதவும் பம்பரும் அடுக்கியிருந்த கடைகளில் இசியு, பிசிஎம், கிளஸ்டர் என்னும் மீட்டர் போர்டு அடுக்குகள் பெருகியது என் கண் முன்னால் நடந்தது. இம்மொபிலைசர் பிரச்சினைக்கு அங்கே ஒரு தீர்வு இருந்தது: இசியு, இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்து ‘செட்’டாக விற்பார்கள். செட் கிடைக்காதபோது ரிச்சி தெருவில் மொபைல் போர்டு வேலை செய்த பிள்ளைகள் கைகொடுத்தார்கள். பழைய போர்டிலிருந்து எட்டுக் கால் மெமரிச் சில்லைச் சூடுகாற்றில் பெயர்த்து, வேறு வண்டியின் போர்டில் வைத்துவிட்டால், வண்டி அதைத் தன் பழைய பெட்டியாகவே ஏற்றுக்கொள்ளும். அரிசி அளவில் உள்ள அந்தச் சில்லைக் கையாளும் நிதானத்தைப் பார்த்தபோது எனக்கு ஆர்மேச்சர் கட்டியவர்கள் நினைவு வந்தது. இதே வித்தையை வைத்து கிளஸ்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது வாங்குபவரை ஏமாற்றுவது. அந்த வேலை கேட்டு வருபவரை நான் வாசலிலேயே அனுப்பிவிடுவேன்.

எங்களுக்கு வித்தை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விவரம்தான் கிடைப்பதில்லை. ஒயரிங் படம், ரகசிய எண், கோடிங் செய்யும் மென்பொருள் எல்லாம் பூட்டப்பட்டிருக்கின்றன. இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டியைக் கெடுக்கும் செயல் என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அதில் மோட்டார் வாகனமும் ஒரு துறை. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறந்தார்கள். என் கடைக்கு இன்னும் ரகசிய எண் வந்து சேரவில்லை. லூகாஸ் கலர்க் கணக்கை யாரும் பூட்டிவைக்கவில்லை. பூட்டியிருந்தால் பாய் கற்றிருக்க மாட்டார், நானும் கற்றிருக்க மாட்டேன், அம்பாசடர் அத்தனை ஆண்டு ஓடியிருக்காது. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இப்போது கடையில் சேரும் பிள்ளைகள் பாலிடெக்னிக் படித்துவிட்டு வருகிறார்கள். ஸ்கேனரை மாட்டியதும் நாலைந்து எரர் கோடு வரும், ‘பிசிஎம்மோடு தொடர்பு இல்லை’ என்று ஒன்று கட்டாயம் இருக்கும். உடனே புதுப் பெட்டிக்கு விலை கேட்கப் போனை எடுப்பார்கள். நான் போனைக் கீழே வைக்கச் சொல்வேன். பேட்டரியைக் கழற்று, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் 6-ஆம் பின்னிலும் 14-ஆம் பின்னிலும் மீட்டரை வை, ஓம்ஸில் பார் என்பேன். கேன் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும் வண்டியில் இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 60 வந்தால் லைன் முழுசாக இருக்கிறது, பிசிஎம்முக்கு பியூஸும் எர்த்தும் வருகிறதா என்று பார். 120 வந்தால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு முனைப் பெட்டி கழன்றிருக்கிறது, எலியைத் தேடு. சுழிக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் இந்த வண்டிக்கு உரியதல்லாத பெட்டி ஒன்றை யாரோ முன்னமே உள்ளே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போது கீழ் பேனலைக் கழற்ற வேண்டியதுதான்.